யுனிவர்சல் ரிமோட்டின் பேட்டரியைத் தின்பது எது?

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. கூடத்தில் இருக்கும், பல கருவிகளை ஒன்றாக இயக்குகிற, தொடுதிரையும் சார்ஜிங் ஸ்டாண்டும் கொண்ட யுனிவர்சல் ரிமோட், நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியபோது ஒரு வாரம் தாக்குப்பிடித்தது, இப்போது இரண்டே நாளில் படுத்துவிடுகிறது. எப்போதும் ஸ்டாண்டிலேயே வைத்திருந்ததால்தான் பேட்டரி கெட்டது என்றும், முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்றும் கடைக்காரர் சொன்னது சரியா என்பது முதலாவது. படுக்கையறையில் இருக்கும், இரண்டு ஏஏஏ செல் போடுகிற மலிவான ரிமோட்டுக்கு ரீசார்ஜபிள் செல் போடலாமா என்பது இரண்டாவது. மே மாதம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது இவற்றை எப்படி வைத்துவிட்டுப் போவது என்பது மூன்றாவது. கடைக்காரர் சொன்னதில் தீரவிடும் யோசனை தவறு. ஸ்டாண்டைப் பற்றிச் சொன்னதில் கால் பங்கு உண்மை உண்டு. ஆனால் இரண்டு நாளில் தீர்வதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதால், முதலில் மின்சாரம் எங்கே செலவாகிறது என்று பார்த்துவிடுவோம்.

பெரும்பாலோர் நினைப்பதற்கு மாறாக, பொத்தானை அழுத்துவதற்கு ஆகும் செலவு மிகமிகச் சொற்பம். கட்டளையை அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளாக அனுப்புவதற்குப் பல கருவிகள் பயன்படுத்தும் என்.இ.சி. முறையை எடுத்துக்கொண்டால், ஒருமுறை அழுத்தும்போது வெளியாகும் கட்டளை 67.5 மில்லிவினாடியில் முடிந்துவிடுகிறது. அதிலும் ஏறத்தாழ 27 மில்லிவினாடி மட்டுமே அகச்சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த நேரத்திலும் அது தொடர்ந்து எரியாமல், வினாடிக்கு 38,000 தடவை என்ற வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் மின்சாரம் பாய்கிறது. விளக்கு 100 மில்லியாம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 200 தடவை அழுத்துகிற வீட்டில் அந்த விளக்குக்கு மட்டும் ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகில், 19 மில்லியாம்பியர்-மணியைத் தாண்டாது. உள்ளே இருக்கும் சிப் தூங்கும்போது இழுக்கும் மூன்று நான்கு மைக்ரோ ஆம்பியரை ஆண்டு முழுவதுக்கும் கணக்கிட்டால் அதுவும் 26 முதல் 35 மில்லியாம்பியர்-மணிதான் வரும். ஓர் ஏஏஏ ஆல்கலைன் செல்லின் கொள்ளளவு சுமார் 1,000 மில்லியாம்பியர்-மணி என்பதால், சாதாரண ரிமோட்டில் செல் தீர்ந்துபோவதை விட முதுமையாலோ கசிவாலோ சாவதுதான் அதிகம். சாம்சங் நிறுவனம் 2021-இல் தன் தொலைக்காட்சிகளுடன், முதுகில் சிறு சூரியத் தகடு பதித்த ரிமோட்டைக் கொடுக்க முடிந்ததற்கும் இதுதான் காரணம். வீட்டு வெளிச்சத்தில் கிடைக்கும் அற்ப மின்சாரமே அதற்குப் போதும்.

ஆனால் உங்கள் கூடத்து ரிமோட் இந்தக் கணக்கில் வராது. அதில் வண்ணத் திரையும், அதன் பின்விளக்கும், கையில் எடுத்தவுடன் விழிக்கச் செய்யும் அசைவு உணரியும் இருக்கின்றன. திரையும் பின்விளக்கும் சேர்ந்து 120 மில்லியாம்பியர் இழுப்பதாகவும், ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 30 வினாடி எரிவதாகவும் கொண்டால், ஒரு விழிப்புக்கு ஒரு மில்லியாம்பியர்-மணி செலவாகிறது. மேலே சொன்ன கணக்கின்படி அதே மின்சாரத்தை வைத்து அகச்சிவப்பு விளக்கை ஏறத்தாழ 4,000 தடவை இயக்கிவிடலாம். எனவே திரையுள்ள ரிமோட்டைப் பொறுத்தவரை, அது எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்பது கணக்கே அல்ல. அது எத்தனை முறை விழிக்கிறது, எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதே கணக்கு. ஒரு நாளைக்கு நூறு முறை விழித்தால், புதிதாக இருந்தபோது 1,000 மில்லியாம்பியர்-மணி கொண்ட பேட்டரி பத்து நாளில் தீர்ந்துவிடும். உங்களுக்கு முன்பு கிடைத்த ஒரு வாரம் இதற்கு அருகில்தான் இருக்கிறது.

நூறு முறையா என்று வியக்க வேண்டாம். ரிமோட் சோபாவின் கைப்பிடியில் கிடக்கிறது, ஒருவர் உட்கார்ந்தால் அசைகிறது, ஒருவர் எழுந்தால் அசைகிறது, பக்கத்தில் ஊஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கி, அதிர்ந்தால் அந்த அதிர்வுக்கும் விழிக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மேசை மீது ஊஃபரை ஒட்டியே ரிமோட்டை வைத்திருந்தார்கள். படத்தில் சண்டைக் காட்சி வந்தால் ரிமோட்டின் திரையும் கூடவே பளிச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பிழையாக எண்ணவில்லை, அழகாக இருக்கிறது என்றே எண்ணியிருந்தார்கள். இத்தகைய ரிமோட்டுகள் பலவற்றின் அமைப்புப் பகுதியில் திரை எரியும் நேரத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கவும், சிலவற்றில் அசைவுக்கு விழிப்பதை நிறுத்தவும் வழி இருக்கிறது. 30 வினாடியைப் பத்து வினாடியாக்கினாலே செலவில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும். புது பேட்டரி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து ஸ்டாண்டைப் பாருங்கள். நான்கு ஆண்டுப் பழைய ஸ்டாண்டில், ரிமோட்டின் அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகளிலும் அவற்றைத் தொடும் ஊசிகளிலும் கை எண்ணெயும் தூசியும் படிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உருவாகியிருக்கும். ரிமோட் ஸ்டாண்டில் நிற்கும், ஆனால் சார்ஜ் ஏறாது. அதைவிட மோசமான நிலை, தொடர்பு விட்டுவிட்டுக் கிடைப்பது. அப்போது ஒவ்வொரு முறையும் ‘சார்ஜ் தொடங்கியது’ என்று திரை எரிந்து அணையும். இரவெல்லாம் இது நடந்தால், காலையில் ரிமோட் வைத்தபோது இருந்ததை விடக் காலியாக இருக்கும். அழிரப்பரால் அந்தப் புள்ளிகளை மெதுவாகத் தேய்த்துவிட்டு, எலெக்ட்ரானிக் பொருள் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விட்டால் பிறகு வாராவாரம் துடைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணத்தை நம் வீடுகளுக்கே உரியது என்று சொல்லலாம். இரவு படுக்கப் போகும்போது தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் சுவரில் இருக்கும் ஒரே சுவிட்சை அணைத்து நிறுத்துகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் ரிமோட் ஸ்டாண்டின் அடாப்டரும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகப்பட்டிருந்தால், ரிமோட் ஸ்டாண்டில் ஓய்வெடுக்கிற எட்டு மணி நேரமும் ஸ்டாண்டுக்கு மின்சாரம் இல்லை. தொலைக்காட்சி ஓடும்போது ஸ்டாண்டுக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் அப்போது ரிமோட் உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் பொருள்களை இடம் மாற்றி வைத்த பிறகு ‘பேட்டரி திடீரென்று கெட்டுவிட்டது’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் ரிமோட் இரண்டு நாளில் தீர்ந்தால், பேட்டரியையே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முழுவதும் சார்ஜ் ஏற்றி, யாரும் அசைக்காத இழுப்பறையில் இரண்டு நாள் கவிழ்த்து வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருந்தால் பேட்டரி ஓரளவு நலமாக இருக்கிறது, அடிக்கடி விழிப்பதுதான் நோய். அசையாமல் கிடந்தும் காலியாகியிருந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். முழுவதும் தீரவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற விதி, பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்தில் பிறந்தது. உங்கள் ரிமோட்டில் இருப்பது லித்தியம் அயன் வகை, அதற்கு இந்த விதி பொருந்தாதது மட்டுமல்ல, கேடும் செய்யும். லித்தியம் அயன் பேட்டரி அடிமட்டத்துக்குப் போகும்போதுதான் அதிகம் தேய்கிறது. காலியான நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால், மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்கும் கீழே இறங்கி, பிறகு சார்ஜே ஏறாமல் போய்விடும். பாதியில் எடுப்பதும் பாதியில் வைப்பதும் அதற்கு நல்லவை. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை முழுவதும் தீரவிட்டு முழுவதும் ஏற்றுவதில் ஒரு சிறு பயன் உண்டு. திரையில் காட்டும் சார்ஜ் அளவு உண்மை நிலையோடு பொருந்தாமல் போயிருந்தால் அது சரியாகும். அது அளவுகோலுக்குச் செய்யும் திருத்தமே தவிர, பேட்டரிக்குச் செய்யும் வைத்தியம் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் அந்தப் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எப்போதும் ஸ்டாண்டிலேயே வைத்திருந்தால் ‘அதிகமாக ஏறி’ கெட்டுவிடும் என்பதும் சரியல்ல. முறையாகச் செய்யப்பட்ட சார்ஜர், மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொட்ட பின் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடும். கால் பங்கு உண்மை என்று நான் சொன்னது வேறொரு காரணத்துக்காக. முழு சார்ஜில் இருப்பதும் வெப்பமும் சேரும்போது லித்தியம் அயன் வேகமாக மூப்படைகிறது. 40 விழுக்காடு சார்ஜோடு 25 பாகை வெப்பத்தில் ஓர் ஆண்டு வைத்தால் மிகச் சிறிதளவு கொள்ளளவே குறையும். முழு சார்ஜோடு அதே வெப்பத்தில் வைத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், 40 பாகையில் வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறையும் என்பது பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் தோராயக் கணக்கு. கோடையில் மூடிய அறையில், ஆம்ப்ளிஃபயருக்கு மேலே ஸ்டாண்டை வைத்தால் 40 பாகையை எட்டுவது கடினமல்ல. ஆகவே ஸ்டாண்டை ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ், சன்னல் வெயில் மூன்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். இதைச் செய்துவிட்டால், தினமும் ஸ்டாண்டில் நிற்பதால் வரும் தேய்மானத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். தேவையான போது தீர்ந்து கிடக்கும் ரிமோட்டை விட, ஐந்து ஆண்டுகளில் ஒருமுறை பேட்டரி மாற்றுவது மேல். இன்னும் பேணிப் பாதுகாக்க விரும்பினால், திரையில் கால் பங்கு காட்டும்போது வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடும் பழக்கம் போதும்.

பேட்டரியை மாற்றும்படி ஆகிவிட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது. இவ்வகை ரிமோட்டுகளில் பெயர்பெற்ற ஹார்மனி வரிசையின் தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் நிறுவனம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. அதனால் பழைய மாடல்களுக்குச் சந்தையில் கிடைக்கும் பேட்டரிகளில் பெரும்பாலானவை பிறர் செய்தவை. வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவைப் பார்த்து மயங்காதீர்கள். அதே அளவுள்ள பேட்டரியில் அசலை விட இரண்டு மடங்கு எண் போட்டிருந்தால் அது பொய். மின்னழுத்தம் ஒன்றாக இருக்கிறதா, தொடுமுனைகள் இரண்டா மூன்றா, அவற்றின் வரிசை பொருந்துகிறதா என்பவற்றைப் பாருங்கள். மூன்றாவது முனை பெரும்பாலும் வெப்பத்தை அறிவதற்காக இருக்கும், அது இல்லாத பேட்டரியைப் போட்டால் சில ரிமோட்டுகள் சார்ஜ் ஏற்ற மறுக்கும். பழைய பேட்டரி உப்பியிருந்தால், அதாவது பின்மூடி சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டிருந்தால், அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். அதை அமுக்குவதும் குத்துவதும் ஆபத்து. குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டாண்ட் இல்லாமல் யு.எஸ்.பி. டைப்-சி துளையோடு வரும் புதிய ரிமோட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசியின் வேகச் சார்ஜரைப் போட்டால் வெடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. கருவி கேட்டுப் பேசினாலொழிய அந்தச் சார்ஜர் ஐந்து வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது, ரிமோட் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் சில மலிவான ரிமோட்டுகளில் சார்ஜே ஏறாது. அவற்றுக்குள், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சார்ஜருக்குத் தெரிவிக்கும் இரண்டு சிறு மின்தடைகளை மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய பட்டை வடிவில் இருக்கும் கேபிளைப் போட்டால் அதே ரிமோட்டில் சார்ஜ் ஏறும். கெட்டுவிட்டது என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இனி படுக்கையறை ரிமோட். அதில் திரை இல்லை என்பதால் செலவு மிகக் குறைவு, ஆகவே செல் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக ரீசார்ஜபிள் போட வேண்டிய தேவை இல்லை. அப்படியிருந்தும் நான் அதையே பரிந்துரைக்கிறேன். காரணம் கசிவு. ரிமோட்டோடு இலவசமாக வரும் துத்தநாக-கார்பன் செல்லில், துத்தநாகக் குப்பியே மின்முனையாகவும் இருக்கிறது, வெளிச்சுவராகவும் இருக்கிறது. செல் தீரத் தீரச் சுவர் கரைகிறது, கடைசியில் ஓட்டை விழுகிறது. ஆல்கலைன் செல்லில் சுவர் கரையாது என்றாலும், முழுவதும் தீர்ந்த பின் உள்ளே வாயு சேர்ந்து, அடைப்பைத் தள்ளிக்கொண்டு காரநீர் வெளியே வரும். காற்றில் பட்டதும் அது வெள்ளையாக உப்புப் பூத்து, ஸ்பிரிங்கையும் அதற்கு அப்பால் இருக்கும் செம்புத் தடங்களையும் அரித்துவிடும். குறைந்த செலவுள்ள கருவியில் செல் ஆண்டுக்கணக்கில் மறக்கப்பட்டுக் கிடப்பதால், கசிவுக்கு ரிமோட்டை விட வசதியான இடம் கிடையாது. ரீசார்ஜபிள் வகையான நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் இவ்வாறு கசிவது அரிது.

அந்த வகையிலும் பார்த்து வாங்க வேண்டும். பழைய வகை செல் சும்மா கிடந்தாலே சில மாதங்களில் காலியாகிவிடும், ரிமோட்டுக்கு அது உதவாது. 2005-இல் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த, தானாகக் குறையும் வேகம் மிகவும் மட்டுப்பட்ட வகையைப் போல, ஏற்கெனவே சார்ஜ் ஏற்றப்பட்டு விற்கப்படும் செல்களே ஏற்றவை. அவற்றின் அழுத்தம் 1.5 வோல்ட் அல்ல, 1.2 வோல்ட். எனவே பேட்டரி அளவைக் காட்டும் ரிமோட்டாக இருந்தால் ‘குறைவு’ என்று பொய் எச்சரிக்கை காட்டலாம், சில மலிவான ரிமோட்டுகளில் எட்டும் தூரமும் சற்றுக் குறையலாம். உள்ளேயே மின்னழுத்த மாற்றி வைத்து 1.5 வோல்ட் கொடுக்கும் லித்தியம் செல்களை ரிமோட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். ரிமோட் தூங்கும்போதும் அந்த மாற்றி விழித்திருந்து சிறிது மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், தீரும்போதும் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக நின்றுபோகும்.

எந்த செல்லானாலும் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாகப் போடக் கூடாது. இரண்டும் ஒரே சங்கிலியில் இருப்பதால், பழையது தீர்ந்த பிறகும் புதியது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும், அந்தப் பழைய செல் தலைகீழாக ஏற்றப்பட்டுக் கசியும். தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து மறுபடி போடும் கைவைத்தியத்தைப் பலரும் சிறு வயதில் பார்த்திருப்போம். துத்தநாக-கார்பன் செல் வெதுவெதுப்பில் ஓய்வெடுத்தால் கொஞ்சம் தெளிந்து மேலும் சில நாள் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் கரைந்த சுவர் திரும்பி வராது. ரிமோட்டைத் தட்டினாலும் செல்லை உருட்டினாலும் வேலை செய்கிறது என்றால், அது செல்லின் குறையே அல்ல. முனையில் படிந்த படலம் உராய்ந்து தொடர்பு கிடைக்கிறது, துடைத்தால் போதும். வெள்ளை உப்பு பூத்திருந்தால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகு ஆல்கஹாலால் துடைக்கலாம்.

மலிவான யுனிவர்சல் ரிமோட்டுகளில் இன்னொரு தொல்லை, செல்லைக் கழற்றினால், ஒவ்வொரு கருவியையும் இயக்குவதற்காக நீங்கள் பதித்து வைத்த குறியீட்டு எண்கள் மறந்துபோவது. ஒவ்வொரு செல்லாக மாற்றினால் மறக்காது என்று சிலர் சொல்வது தவறு. ஒன்றை எடுத்தாலே சங்கிலி அறுந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஒரு சிறு மின்தேக்கிதான் சிறிது நேரத்துக்கு நினைவைக் காப்பாற்றுகிறது. எனவே புது செல்களை உறை பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டு விரைவாக மாற்ற வேண்டும், இடையில் எந்தப் பொத்தானிலும் விரல் படக் கூடாது. ஒரே ஓர் அழுத்தம் அந்தத் தேக்கியைக் காலியாக்கிவிடும். எதற்கும் குறியீட்டு எண்களைச் சிறு தாளில் எழுதி, மூடியின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது, கூடத்து ரிமோட்டை ஸ்டாண்டில் விட வேண்டாம். பாதி அளவு சார்ஜோடு, அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு, அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, வீட்டின் குளிர்ந்த அறையில் இருக்கும் அலமாரிக்குள், எதுவும் அதன் மேல் சாயாதபடி வையுங்கள். பேட்டரியைக் கையால் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றி வைப்பது இன்னும் நல்லது. படுக்கையறை ரிமோட்டில் நல்ல நிக்கல் செல் போட்டிருந்தால் ஒரு மாதத்துக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே விட்டுவிடலாம். இலவசமாக வந்த செல்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால், குறியீடு மறந்தாலும் பரவாயில்லை என்று எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எண்களை மறுபடி பதிக்கப் பத்து நிமிடம் போதும்.